நோக்கியா இ63: எழுதுகிறவர்களுக்கு ஒரு போன்

எழுதுவதற்கென்று ஒரு போன் வேண்டும் என்றால் நோக்கியா இ63-ஐத் தாண்டி நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். பழைய குவெர்ட்டி போன்களை, அதாவது ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் இருக்கிற போன்களைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன்களே "அண்ணே, அந்தக் காலத்துல பட்டன் போன் வச்சிருந்தீங்கல்ல, இப்ப வாங்கினா யூஸ் பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இங்கே மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மெடிக்கல் ரெப். கும்பகோணத்தை வைத்துக்கொண்டு மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவில் சுற்றுகிற வேலை. நாள் முழுக்க பஸ்ஸும் காத்திருப்பும்தான். டாக்டர் கடைசி நோயாளியைப் பார்த்து முடித்த பிறகுதான் ரெப்பை உள்ளே விடுவார்கள், அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மருந்தை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கிற ஸ்டாக்கிஸ்டுக்கு ஆர்டர் அனுப்புவது, மேனேஜருக்குப் பதில் போடுவது, அன்றைய ரிப்போர்ட் எழுதுவது என்று எல்லாமே கையில் இருக்கும் போனில்தான் நடக்கும். ஆகவே இந்தப் போனை வேலைக்காரனாகப் பார்த்து எழுதுகிறேன், சேகரித்து வைக்கிறவர் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் விவரம் சொல்லிவிடுகிறேன். இ63 அறிவிக்கப்பட்டது 2008 நவம்பரில். அதே வருஷம் ஜூனில் வந்த இ71-இன் தம்பி என்று சொல்லலாம், விலை குறைவான தம்பி. திரை 2.36 அங்குலம், 320-க்கு 240 புள்ளிகள், அதுவும் படுக்கை வாட்டில். ஆபரேட்டிங் சிஸ்டம் சிம்பியன் 9.2, அதன் மேல் எஸ்60 மூன்றாம் பதிப்பு. 369 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 128 எம்பி ராம், உள்ளே 110 எம்பி இடம், 8 ஜிபி வரை மெமரி கார்டு. எடை 126 கிராம். இன்றைய போன்களின் எண்களோடு இதை ஒப்பிட்டு உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் எதுவும் இல்லை. 1500 எம்ஏஎச் பேட்டரியும் அந்தக் கீபேடும் எப்படிச் சேர்ந்து வேலை செய்தன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கீபேடைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்பு நாம் எப்படி எழுதிக்கொண்டிருந்தோம் என்பதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். பன்னிரண்டு பட்டன் போனில் மூன்று நான்கு எழுத்துகளுக்கு ஒரே பட்டன். எஸ் வேண்டுமென்றால் 7-ஐ நான்கு முறை அழுத்த வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காவது டி9 இருந்தது, எந்தப் பட்டன்கள் என்று மட்டும் அழுத்தினால் அதுவே சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். நாம் எழுதியதோ ஆங்கில எழுத்தில் தமிழ். அது எந்த அகராதியிலும் கிடையாது. "ஒண்ணும்" என்று அடித்துப் பாருங்கள். ஓ, என், என் என்று தொடர்ந்து வரும் மூன்று எழுத்தும் 6-ஆம் பட்டனில்தான் இருக்கின்றன. மூன்று முறை அழுத்தி நிறுத்திக் காத்திருந்து, இரண்டு முறை அழுத்தி மறுபடியும் காத்திருந்து, திரும்ப இரண்டு முறை அழுத்த வேண்டும். தமிழில் இரட்டிப்பு எழுத்து வராத வாக்கியம் ஏது? "பண்ணுங்க", "சொல்லுங்க", "வந்துட்டேன்னு" என்று நாம் ஒரு நாளில் அதிகம் அனுப்புகிற சொற்கள் எல்லாமே அந்தப் பட்டன்களுக்குப் பகையானவை.

இ63 கைக்கு வந்ததும் அந்தத் தொல்லை முழுக்கப் போயிற்று. எழுத்துக்கு ஒரு பட்டன், அழுத்தினால் அந்த எழுத்து, வேறு பேச்சே இல்லை. இதிலும் சொல்லை ஊகித்துத் தருகிற பிரெடிக்டிவ் வசதி இருந்தது, நான் அதை முதலிலேயே அணைத்துவிட்டேன். நம் தமிழுக்கு அது ஒத்துவராது. அணைத்த பிறகு போன் நடுவில் தலையிடவே தலையிடாது, நாம் என்ன அடித்தோமோ அதுதான் திரையில் வரும். மருந்துகளின் பெயர்களும் டோசேஜும் எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். இன்றைய தொடுதிரை போன்கள் மருந்தின் பெயரைத் தங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிவிட்டுப் போகின்றன. அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

பட்டன்கள் சற்று மேடாக, ஒன்றிலிருந்து ஒன்று விரலுக்குப் பிரித்துத் தெரிகிற மாதிரி இருக்கும். போனின் அகலம் 59 மில்லிமீட்டர், இ71-ஐ விட இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, கட்டைவிரலுக்கு அது தெரியும். இ71-இன் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், என் மாதிரி தடித்த விரல்காரர்களுக்கு இ63 இன்னும் வசதி. கொஞ்ச காலம் பழகிவிட்டால் பார்க்காமல் அடிக்கலாம். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற பஸ்ஸில் குலுக்கல் எப்படி என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதில் நின்றுகொண்டே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலால் மட்டும் ஸ்டாக்கிஸ்டுக்கு ஆர்டரை அடித்து அனுப்ப முடிந்தது. பட்டன் விரலுக்குக் கீழே இருப்பது தெரிகிறது, அழுத்தியதும் தெரிகிறது. கண்ணாடித் திரையில் இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

எண்கள் எழுத்துகளுக்கு நடுவிலேயே இருக்கும். சாதாரண போனில் எண்கள் எப்படி மூன்று மூன்றாக அடுக்கியிருக்குமோ அப்படியே இங்கும் நடுப்பகுதி எழுத்துகளின் மேல் அச்சிட்டிருப்பார்கள். முகப்புத் திரையில் நேரடியாக அழுத்தினால் எண்ணாகவே வரும், நம்பர் அடித்து அழைக்கலாம். எழுதும்போது எண் வேண்டுமென்றால் அந்தப் பட்டனை ஒரு கணம் அழுத்திப் பிடித்தால் போதும். தொடர்ந்து நிறைய எண் வேண்டுமென்றால் இடது பக்கம் இருக்கிற ஃபங்ஷன் பட்டனை இரண்டு முறை தட்டிவிட்டால் எண்ணிலேயே நிற்கும். ஸ்ட்ரிப் கணக்கும் பேட்ச் நம்பரும் கலந்து எழுதுகிற எனக்கு இதுதான் மிகவும் உதவிய விஷயம். கன்ட்ரோல் பட்டனும் உண்டு, அதோடு சி அழுத்தினால் காப்பி, வி அழுத்தினால் பேஸ்ட், கம்ப்யூட்டரில் செய்கிற மாதிரியே. நேற்றைய ரிப்போர்ட்டை எடுத்து ஒட்டி, பெயர்களை மட்டும் மாற்றி இன்றைய ரிப்போர்ட்டை முடிக்கலாம்.

இதில் ஒரு காலத்துச் செய்தியும் உண்டு. 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு நாளைக்கு ஒரு சிம்முக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று வரம்பு போட்டது, அப்புறம் அதை 200 ஆக்கினார்கள். தொல்லை தருகிற விளம்பர எஸ்எம்எஸ்களை அடக்குவதற்காகப் போட்டது. அதுவரை கண்டபடி ஒற்றைச் சொல்லாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்த்து எழுதக் கற்றுக்கொண்டார்கள். எழுதும்போதே இன்னும் எத்தனை எழுத்து மிச்சம், எத்தனையாவது மெசேஜில் ஓடுகிறோம் என்று திரையின் மேலே காட்டும். 160 எழுத்துக்குள் ஒரு முழு ஆர்டரை அடக்குவது ஒரு கலையாகவே ஆகிவிட்டது, அதற்கு இந்தக் கீபேட் மாதிரி துணை வேறு கிடையாது.

ஆக்டிவ் நோட்ஸ் என்று ஒன்று இருந்தது. நோக்கியா அதைப் பற்றிப் பெரிதாக விளம்பரம் செய்ததாக ஞாபகம் இல்லை, நிறையப் பேர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு குறிப்பு எழுதி அதை ஒரு நபரின் எண்ணோடு சேர்த்து வைத்துவிடலாம், அவரோடு பேசும்போது அந்தக் குறிப்பு திரையில் வந்து நிற்கும். ரெப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? "சார் வியாழன் ஊரில் இல்லை", "சாம்பிள் கேட்டிருந்தார், இன்னும் கொடுக்கவில்லை", "மகன் பிளஸ் டூ" என்று எழுதி வைத்திருப்பேன். டாக்டரே அழைத்தால் எடுத்த நொடியில் என்ன பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். இன்று கையில் இருக்கிற போனில் இதே வேலையைச் செய்ய ஏதேதோ ஆப் போட்டுப் பார்த்தேன், எதுவும் அவ்வளவு இயல்பாக அமையவில்லை.

காலண்டருக்குத் தனிப் பட்டன், மெயிலுக்குத் தனிப் பட்டன், முகப்புக்குத் தனிப் பட்டன். முகப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தால் பின்னால் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வரிசையாக வரும், வேண்டியதற்குத் தாவலாம். 2008-இல் வந்த போனில் மெயில் எழுதுவதைப் பாதியில் விட்டுவிட்டு காலண்டர் பார்த்து, அங்கிருந்து ஒரு மெசேஜுக்குப் பதில் போட்டு, மறுபடியும் மெயிலில் விட்ட இடத்துக்கே வர முடிந்தது. முகப்பில் இரண்டு முகம் வைத்துக்கொள்ளலாம், ஒன்று வேலைக்கு, இன்னொன்று சொந்தத்துக்கு. வேலை முகத்தில் காலண்டரும் மெயிலும் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டால் அவை கண்ணில் படாது. இந்த ஏற்பாட்டை ஏன் எல்லாரும் அப்போதே பின்பற்றவில்லை என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இப்போதுதான் ஒவ்வொரு போனிலும் ஏதோ ஒரு பெயரில் திரும்பி வருகிறது.

டார்ச். ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற எல்இடி எரியும், திரும்ப அழுத்திப் பிடித்தால் அணையும். திரையைப் பார்க்க வேண்டாம், எதையும் தேட வேண்டாம், இருட்டில் தடவினாலே கீழே நீளமாக இருக்கிற பட்டன் கைக்குக் கிடைத்துவிடும். 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறக்காது, ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. மெடிக்கல் ஷாப்பில் நான் நிற்கும்போது கரண்ட் போனால் கடைக்காரர் "தம்பி, அந்த லைட்டைப் போடுங்க" என்பார். அந்த வெளிச்சத்தில் மருந்து எடுத்துக் கொடுத்து சில்லறை எண்ணி வியாபாரம் நடக்கும். அதை எல்லாம் செய்தாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. பிபி-4எல் என்கிற அந்த 1500 எம்ஏஎச் பேட்டரியைத்தான் இ71, இ72, இ52, என்97 எல்லாவற்றிலும் நோக்கியா போட்டது. சின்னத் திரை, சிக்கனமான சிம்பியன், அப்புறம் இந்த பேட்டரி. காலையில் கிளம்பி இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிற நாளில் கூட பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். ஊர் முழுக்க கரண்ட் இல்லாத காலத்தில் இரண்டு நாள் தாங்குகிற போன் கையில் இருந்தது எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா!

இன்டர்நெட் விஷயத்துக்கு வருகிறேன். 3ஜி இதில் உண்டு, 384 கேபிபிஎஸ் வரைதான், இ71-இல் இருந்த வேகமான 3ஜி இதில் இல்லை. அன்றைக்கு டெல்டாவில் 3ஜியே ஊருக்கு ஊர் கிடையாது, மெதுவான ஜிபிஆர்எஸ்ஸும் எட்ஜும்தான். ஏர்செல்லின் 98 ரூபாய் பாக்கெட் இன்டர்நெட் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாதம் முழுக்க அதில்தான் மெயில், நிம்பஸ் அரட்டை, ஓபரா மினி பிரவுசர் எல்லாமே. இந்த இடத்தில் பிளாக்பெரியோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். 2009-இல் வந்த கர்வ் 8520-உம் நல்ல கீபேட் போன்தான், எழுதும் சுகத்தில் இ63-க்குக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மெயிலும் பிபிஎம் என்கிற அரட்டையும் ஓட பிளாக்பெரிக்கென்று தனி மாதத் திட்டம் போட வேண்டும். நோக்கியாவுக்கு எந்தச் சாதாரண டேட்டா பேக்கும் போதும், வைஃபையும் இருக்கிறது. சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போகிற ஆளுக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது. 8520-இல் 3ஜியும் கிடையாது, கேமராவுக்கு ஃப்ளாஷும் கிடையாது. டாக்டர் வீட்டு வாசலில் கம்பவுண்டர்கள் "என்ன தம்பி, பிளாக்பெரியா?" என்று கேட்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் குவெர்ட்டியும் அவர்களுக்கு பிளாக்பெரிதான்.

தமிழ் படிக்க முடியுமா என்று கேட்டால், இந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்த் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அதற்கு ஒரு வழி இருந்தது, அந்தக் காலத்தில் தமிழில் படித்தவர்கள் பலருக்கும் அது தெரிந்திருக்கும். ஓபரா மினியைத் திறந்து முகவரிப் பெட்டியில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு ரகசிய அமைப்புப் பக்கம் வரும். அதில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்து என்று ஒரு வரி கடைசியில் இருக்கும், அதை ஆமாம் என்று மாற்றிச் சேமித்தால் போதும். எழுத்துகளை ஓபராவின் சர்வரே படமாக்கி அனுப்பிவிடும், போனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும், தேடி எடுத்து காப்பி செய்ய முடியாது, ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தியும் வலைப்பதிவுகளும் முதன்முதலாக நான் படித்தது அப்படித்தான். அதைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த முகம் தெரியாத மனிதர்கள் மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு. தமிழில் எழுதுவதற்கு மட்டும் அப்படி எளிய வழி எதுவும் அமையவில்லை. எழுதுவதற்கென்றே பிறந்த ஒரு போனில் நம் எழுத்தையே எழுத முடியாமல் போனதுதான் இதில் எனக்கு இருக்கிற உண்மையான வருத்தம். கேமரா சுமார் என்பதை எல்லாம் மன்னித்துவிடலாம், இதை மன்னிப்பது கஷ்டம்.

கேமரா சுமார்தான். 2 மெகாபிக்சல், ஃபோகஸ் நிலையானது. ஆளையும் ஊரையும் எடுக்கலாம், மருந்துச் சீட்டையோ பில்லையோ கிட்டத்தில் வைத்து எடுத்தால் எழுத்து கலங்கலாகத்தான் வரும். ஜிபிஎஸ் இல்லை. இ71-இல் இருந்தது. அதே சமயம் இ71-இல் 2.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை, எந்தக் கடையிலும் கிடைக்கிற ஹெட்செட் அதில் நுழையாது. இ63-இல் சாதாரண 3.5. இரும்பு உடம்பும் 3.2 மெகாபிக்சல் ஆட்டோஃபோகஸும் ஜிபிஎஸ்ஸும் வேண்டும் என்பவர்கள் இ71 வாங்கினார்கள், நியாயம்தான், பார்க்க அது அழகான போன். எனக்கு ஹெட்செட் மாட்டி எஃப்எம் கேட்டுக்கொண்டே ரிப்போர்ட் அடிப்பது முக்கியம், கீழே விழுந்தால் நசுங்காத பிளாஸ்டிக் உடம்பும் எனக்குப் போதும்.

சாப்ட்வேர் ஏற்றுவதில்தான் எல்லாருக்கும் பொறுமை சோதிக்கப்பட்டது. சிம்பியன் 9-இல் பாதுகாப்புக்காக ஒவ்வொரு ஆப்புக்கும் கையொப்பச் சான்றிதழ் வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். சான்றிதழின் காலம் முடிந்திருந்தால் போன் ஏற்றவே மறுக்கும். உடனே போனின் தேதியை ஒன்றிரண்டு வருஷம் பின்னால் தள்ளி வைத்து, ஆப்பை ஏற்றிவிட்டு, மறுபடியும் தேதியைச் சரி செய்வோம். மொபைல் கடைப் பையன்கள் எல்லாருக்கும் இது பாடம். திரை படுக்கை வாட்டில் இருப்பதால், நிமிர்ந்த திரைக்குச் செய்த ஜாவா விளையாட்டுகள் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். விளையாடுவதற்கு இது போன் இல்லை. நிறையவற்றைச் சேர்த்துத் திறந்தால் 128 எம்பி ராம் திணறும், மெமரி போதவில்லை என்று சொல்லி ஒன்றை மூடச் சொல்லும். மூடிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

வாட்ஸ்அப் இதில் ஓடியது என்றால் இன்றைய பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நன்றாகவே ஓடியது. சிம்பியன் எஸ்60-க்கான ஆதரவை வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-ஆம் தேதியோடுதான் நிறுத்தியது. எங்கள் ஏரியா ரெப்கள் குரூப்பில் எல்லாரையும் விட நீளமாகவும் வேகமாகவும் எழுதுகிறவன் நானாகத்தான் இருப்பேன். அந்த நாள் வரைக்கும் என் முக்கியமான போன் இதுதான், அது நின்ற பிறகுதான் வேறு வழியில்லாமல் தொடுதிரைக்கு மாறினேன். கீபேட் தேய்ந்தோ பேட்டரி போயோ நான் மாறவில்லை, வேலை நடக்கிற இடமே வேறு பக்கம் போய்விட்டது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ஊரில் நோக்கியா மேல் இருந்த பாசத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒரு பெரிய காரணம். 2006-இல் உற்பத்தி தொடங்கினார்கள், பல மாவட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் போய் அங்கே வேலை பார்த்தார்கள். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் நோக்கியாவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார், சார்ஜர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வரி வழக்கில் சிக்கி அந்தத் தொழிற்சாலை விற்பனையில் சேராமல் நோக்கியாவிடமே நின்றுவிட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. இந்தப் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களைப் பற்றியும் நினைப்பு வருகிறது, அவர்களின் வேலை போனதை ஒரு பிராண்டின் கதையாக மட்டும் பேசிவிட்டுப் போவது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது வாங்கலாமா? பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் என்றால் வாங்கலாம். ஏர்டெல், பிஎஸ்என்எல், விஐ சிம் போட்டால் 2ஜியில் ஓடும். ஜியோ போட்டால் ஓடாது, அவர்களிடம் 2ஜியே கிடையாது. இன்றைய நானோ சிம்மைப் போட அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இணையதளம் பார்க்க, மெயில் பார்க்க என்று ஆசைப்பட்டு வாங்கினால் ஏமாற்றம்தான், இன்றைய தளங்களின் பாதுகாப்பு முறை இந்தப் பழைய பிரவுசருக்குப் புரியாது, பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. யுபிஐ ஆப் வேண்டியவர்கள் இதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. நான் செய்கிற மாதிரி வேலை எண்ணை இதில் போட்டுவிட்டு, மற்றதை இன்னொரு போனில் வைத்துக்கொள்ளலாம். டாக்டருக்காகக் காத்திருக்கும்போது சட்டைப் பையில் இது மட்டும்தான் இருக்கும். ரிப்போர்ட்டை நோட்ஸில் அடித்து வைத்து, வீட்டுக்கு வந்து ப்ளூடூத்தில் மாற்றிக்கொள்கிறேன். நடுவில் இழுக்க எதுவும் இல்லாததால் எழுத்து வேகமாக முடிகிறது. வேலையை முடிக்காமல் திரையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் எங்கள் கம்பெனிப் பையன்களுக்கு இதைச் சிபாரிசு செய்வதற்கு இந்த ஒரு காரணமே போதும் எனக்கு.

வாங்கப் போகிறவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பர்மா பஜாரோ உங்கள் ஊர்க் கடையோ, எங்கே வாங்கினாலும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். வெளி மூடி புதிதாகப் பளபளவென்று இருந்தால் மயங்க வேண்டாம், உள்ளே பழைய போனுக்கு டூப்ளிகேட் ஹவுசிங் மாட்டி விற்பது சாதாரணம். டூப்ளிகேட் கீபேடில் பட்டன்கள் மேடாக இருக்காது, அச்சு கொஞ்சம் கோணலாக இருக்கும், அதை மாட்டிய போன் பாதி போன்தான். பிபி-4எல் என்று எழுதி 1500-க்கு மேல் ஏதேதோ எண் போட்டு விற்கிற பேட்டரிகளை நம்பாதீர்கள். பேட்டரியைத் தட்டையான மேஜையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், சுழன்றால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜிங் மெல்லிய பின் சார்ஜரில்தான். பக்கத்தில் மைக்ரோ யுஎஸ்பி இருக்கிறது, அது கம்ப்யூட்டருக்கு மட்டும், அதில் சார்ஜ் ஏறாது. "யுஎஸ்பியில போட்டா ஏறும்" என்று விற்கிறவர் சொன்னால் அவருக்கு இந்தப் போனைத் தெரியாது. அப்புறம் கடையிலேயே புது மெசேஜ் ஒன்றைத் திறந்து ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாக அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பிடித்து எண்களும் வருகின்றனவா என்று பாருங்கள், கடைசியாக முகப்புக்குப் போய் ஸ்பேஸைப் பிடித்து டார்ச் எரிகிறதா என்று பாருங்கள். ஒரு பட்டன் இரண்டு முறை அழுத்தினால்தான் விழுகிறது என்றாலும் வேண்டாம், அடுத்த போனை எடுக்கச் சொல்லுங்கள்.